டிரைசூட்டில் காலுக்கு ஏறும் காற்று: பூட்ஸ் அளவு பார்ப்பதிலிருந்து தலைகீழானால் மீள்வது வரை

திருகோணமலையிலோ புதுச்சேரியிலோ அந்தமானிலோ டைவிங் கற்றுக்கொண்டு, அப்புறம் படிப்பு, வேலை என்று இங்கிலாந்துக்கோ நார்வேக்கோ கனடாவுக்கோ போனவர்கள் அங்கேயும் தண்ணீரில் இறங்க ஆசைப்பட்டால், சீக்கிரமே டிரைசூட்டுக்கு வந்து நிற்பார்கள். நம் பக்கத்துக் கடலில் 28 டிகிரிக்கு உள்ளே தண்ணீர் புகும் ஒரு மெல்லிய வெட்சூட் போதும். இங்கிலாந்தின் ஸ்டோனி கோவ் மாதிரியான பழைய கல்குவாரிகளில் குளிர்காலத்துத் தண்ணீர் 5 டிகிரி அளவுக்கு இறங்கிவிடும். ஐஸ்லாந்தின் சில்ஃப்ராவில் வருடம் முழுக்க 2 முதல் 4 டிகிரிதான். அந்தத் தண்ணீர் உடம்பில் படாமல் டிரைசூட் தடுக்கிறது. சூட்டுக்குள் போடும் தடித்த உள்ளுடையும் அதில் தங்கியிருக்கும் காற்றும் உடம்பின் வெப்பத்தைக் காப்பாற்றுகின்றன. தொல்லை கொடுப்பதும் அதே காற்றுதான்.

"கால் மேலே மேலே போகிறது" என்பது புதிதாக டிரைசூட் போட்ட எல்லோரும் சொல்லும் முதல் புகார். உடனே யாராவது கணுக்கால் எடை வாங்கிக் கட்டு என்பார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. கால் மேலே போவதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள்தான்: மூழ்குவதற்காக இடுப்பில் கட்டும் ஈயம் தேவைக்கு மேல் இருப்பது, பாதத்துக்குப் பொருந்தாத பூட்ஸ். இந்த இரண்டையும் சரிசெய்யாமல் காலில் எடையைக் கட்டினால் பிரச்சினை அப்படியேதான் இருக்கும், கால் வலி கூடுதலாக வரும். அதனால் இந்த வழிகாட்டியில் பூட்ஸுக்கும் எடைக்கும் நிறைய இடம் கொடுத்திருக்கிறேன், கணுக்கால் எடை கடைசியில்தான் வரும். ஒன்று மட்டும்: இது பயிற்றுநரோடு டிரைசூட் பயிற்சி எடுத்தவர்களுக்கும் எடுக்கப்போகிறவர்களுக்கும் எழுதியது. பயிற்சிக்குப் பதிலாக இதை வைத்துக்கொள்ள வேண்டாம்.

காற்று உள்ளே என்ன செய்கிறது

தண்ணீர் மட்டத்தில் அழுத்தம் 1 பார், 10 மீட்டரில் 2, 20 மீட்டரில் 3, 30 மீட்டரில் 4. டிரைசூட்டுக்குள் இருக்கும் காற்று இந்தக் கணக்குப்படிதான் சுருங்கும், விரியும். இறங்கும்போது சுருங்குவதால் சூட் உடம்பை இறுக்கிப் பிடிக்கும், அதைத் தளர்த்த நெஞ்சில் இருக்கும் இன்ஃப்ளேட்டரைத் தட்டிக் காற்றுச் சேர்க்கிறோம். திரும்பி வரும்போது அதே காற்று விரியும். 30 மீட்டரிலிருந்து 20க்கு வந்தால் மூன்றில் ஒரு பங்குதான் கூடும், 20லிருந்து 10க்கு வந்தால் பாதிப் பங்கு கூடும், கடைசி 10 மீட்டரில் இரண்டு மடங்காகிவிடும். டைவ் முடிந்துவிட்டது, இனி என்ன என்று கவனம் தளரும் அந்தக் கடைசி 10 மீட்டரில்தான் காற்று வேகமாகப் பெருகும்.

இன்னொரு விஷயத்தைப் பலர் யோசிப்பதில்லை. தண்ணீருக்குள் நேராக நின்றால் தோளுக்கும் பாதத்துக்கும் ஏறக்குறைய 1.4 மீட்டர் உயர வித்தியாசம், அதாவது 0.14 பார் அழுத்த வித்தியாசம். சின்ன எண்தான், ஆனால் உள்ளே இருக்கும் மொத்தக் காற்றையும் மேலே தள்ளி, பாதத்தில் துணியை ஒட்ட வைக்க இதுவே போதும். செங்குத்தாகவே நின்று மிதப்பவர்களுக்குக் கால்விரல்கள் முதலில் விறைப்பது இதனால்தான். படுத்த நிலைக்கு வந்தால் காற்று முதுகு நெடுக, தொடை, கால் என்று பரவிக்கொள்ளும். கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டத்தில் குமிழி எப்படி ஓடுமோ அப்படித்தான் இதுவும் ஓடும். எந்தப் பக்கம் உயர்கிறதோ அந்தப் பக்கம் போய் நிற்கும். குமிழி சின்னதாக இருந்தால் ஓடினாலும் ஒன்றும் ஆகாது. பெரியதாக இருந்தால் அது ஓடும் பக்கத்தைத் தூக்கும், தூக்கியதால் இன்னும் அந்தப் பக்கமே காற்று போகும்.

ஒரு லிட்டர் காற்று ஏறக்குறைய ஒரு கிலோவைத் தூக்கும். ஒவ்வொரு பூட்ஸிலும் அரை லிட்டர் வெற்றிடம் இருந்தால், இரண்டிலும் காற்று நிரம்பும்போது உடம்பின் ஒரு முனையை ஒரு கிலோ விசை மேலே இழுக்கிறது. அங்கேயிருந்து ஒரு சில மீட்டர் உயர்ந்தால் அது இன்னும் கூடும். கால் தலைக்கு மேலே போய்விட்டால், இடது மேல்கையில் இருக்கும், காற்றை வெளியே விடும் டம்ப் வால்வு இப்போது காற்றுக்குக் கீழே இருக்கிறது, அதனால் காற்று வெளியே போகவே முடியாது. பூட்ஸ் உப்பும், பாதம் பூட்ஸிலிருந்து நழுவிக் கணுக்கால் பகுதிக்கு வரும், ஃபின் (காலில் மாட்டும் நீச்சல் துடுப்பு) ஆடிக் கழன்றும் போகலாம். ஃபின்னை அசைக்க முடியாத நிலையில் கால் முன்னால் போக மேலே எறியப்படுவதுதான் இதன் கடைசிக் கட்டம். நுரையீரல் காயமும் டிகம்ப்ரஷன் நோயும் (உடம்பில் கரைந்த வாயு குமிழிகளாக மாறுவது) இந்த மாதிரி ஏற்றத்தில் வரக்கூடும். அதனால் பூட்ஸ் அளவு என்பது வசதிக்கான விஷயம் மட்டும் இல்லை.

பூட்ஸ்

டிரைசூட்டில் பாதம் இரண்டு விதமாக வரும். ஒன்று, சூட்டோடு சேர்த்து ஒட்டிய கெட்டி பூட்ஸ். இன்னொன்று, சூட்டில் மெல்லிய சாக்ஸ் மட்டும் ஒட்டியிருக்கும், அதன் மேல் லேஸ் வைத்த ராக் பூட்ஸைத் தனியாகப் போடுவது. முதலாவது சீக்கிரம் போடலாம், குனிந்து லேஸ் கட்ட வேண்டாம். ஆனால் உள்ளே எவ்வளவு இடம் என்பது தொழிற்சாலையில் முடிவானது, நீங்கள் அதை மாற்ற முடியாது. இரண்டாவதில் லேஸை இழுத்துக் கட்டும்போதே உள்ளே இருக்கும் இடம் குறைந்துவிடுகிறது, கணுக்காலைச் சுற்றியும் இறுகுகிறது. காலில் காற்று ஏறும் தொல்லை உள்ளவர்களுக்கு நான் சொல்வது ராக் பூட்ஸ்தான். குளிரில் விரல் விறைத்த பிறகு ஈரமான லேஸை அவிழ்ப்பது எரிச்சலான வேலை, அது உண்மை, ஆனாலும் அதுதான்.

இப்போது அளவு. தெருவில் போடும் ஷூ 8 என்றால் பூட்ஸும் 8 என்று வாங்கிவிடாதீர்கள், கம்பெனிக்குக் கம்பெனி மாறும், சாக்ஸைப் பொறுத்தும் மாறும். கடைக்குப் போகும்போது, டைவில் போடப்போகும் அதே சாக்ஸை வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள்: வியர்வையை இழுக்கும் ஒரு மெல்லிய சாக்ஸ், அதன் மேல் தடித்த கம்பளி சாக்ஸ் அல்லது உள்ளுடைத் துணியில் தைத்த காலுறை. கடையில் கொடுக்கும் ஏதோ ஒரு சாக்ஸில் பார்த்த அளவு ஏரியில் உதவாது.

காலை உள்ளே விட்டதும் குதிகாலைத் தரையில் இரண்டு முறை தட்டி, பின்பக்கம் ஒட்டி உட்கார வையுங்கள். கால்விரல்களை மேலும் கீழும் ஆட்டுங்கள். தாராளமாக ஆட வேண்டும். விரல் நுனிக்கு முன்னால் பூட்ஸை வெளியிலிருந்து அழுத்திப் பாருங்கள். கட்டைவிரல் அகலத்துக்கு மேல் காலியிடம் இருந்தால் அது காற்றுக்கான அறை. அப்புறம் கடைக்குள்ளேயே நடந்து பாருங்கள். ஒவ்வொரு அடியிலும் குதிகால் உள்ளே தூக்கிக்கொண்டு வருகிறதா என்று கவனியுங்கள், ஏனென்றால் பூட்ஸில் முக்கியமான இடம் முன்பக்கம் இல்லை, குதிகால்தான்.

நடந்து பார்ப்பதோடு பெரும்பாலோர் நிறுத்திவிடுகிறார்கள். இன்னொரு சோதனை பாக்கி இருக்கிறது, அதுதான் உண்மையைச் சொல்லும். ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, காலை நீட்டி, ஃபின் அடிக்கும்போது செய்வதுபோல் பாதத்தை முன்னால் நீட்டிப் பிடியுங்கள். கூட வந்தவரை பூட்ஸின் குதிகாலையும் முன்பகுதியையும் இரண்டு கையாலும் பிடித்து, கழற்றுவதுபோல நிதானமாக இழுக்கச் சொல்லுங்கள். குதிகால் கொஞ்சம் நகரும், பரவாயில்லை. ஆனால் குதிகால் அதன் குழியைவிட்டு மேலே ஏறி, கணுக்கால் குறுகும் இடத்துக்கு வந்து மாட்டிக்கொண்டால் அந்த பூட்ஸ் உங்களுக்கு வேண்டாம். தலைகீழாகும்போது காற்று செய்வது இதே வேலையைத்தான்: பூட்ஸை மேலே இழுக்கும், பாதம் கீழே நழுவும்.

பெரிதாக இருந்தால் ஆபத்து என்பதால் இறுக்கமாக வாங்குவதும் தவறு. சாக்ஸின் தடிமன் நசுங்கினால் அதில் காற்று தங்காது, கால் குளிரும். ரத்த ஓட்டம் குறைந்தால் இன்னும் மோசம். கடையில் கால்மணி நேரம் பூட்ஸோடு நின்றிருங்கள். விரல்கள் மரத்தால், பாதத்தின் மேல்பக்கம் அழுந்தினால், அரை அளவு பெரிதாகப் பாருங்கள் அல்லது வேறு கம்பெனியைப் பாருங்கள்.

பூட்ஸோடு கால் நீளத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும். உள்ளுடையோடு முழு சூட்டையும் போட்டுக்கொண்டு குத்துக்கால் வைத்து உட்காருங்கள், ஒரு காலைத் தூக்கி நாற்காலி மேல் வையுங்கள். பூட்ஸின் அடி பாதத்தை மேலே இழுத்தால் சூட் குட்டை. எழுந்து நிற்கும்போது கணுக்காலில் மடிப்பு மடிப்பாகத் துணி விழுந்தால் நீளம். அந்த மடிப்புகள் எல்லாம் காற்று தங்கும் பைகள். உள்ளே தோள் வார் இருக்கும் சூட் என்றால் அதை மறக்காமல் மாட்டி இழுத்து விடுங்கள், இல்லையென்றால் தொடைச் சந்து கீழே இறங்கி, சரியான அளவுள்ள சூட்கூட நீளமான சூட்டாக நடந்துகொள்ளும். மெம்பிரேன் துணி சூட்கள் தொளதொளவென்று இருப்பதால் இதில் கூடுதல் கவனம் வேண்டும், நியோப்ரீன் சூட்கள் உடம்போடு ஒட்டி இருப்பதால் காற்று ஓட இடம் குறைவு.

பழைய சூட் வாங்குபவர்கள்தான் பூட்ஸ் விஷயத்தில் அதிகம் சிக்குகிறார்கள், ஏனென்றால் உடம்பு அளவு பொருந்தினால் போதும், பூட்ஸ் ஒன்றிரண்டு அளவு பெரிதாக இருந்தால் என்ன என்று நினைக்கிறார்கள். ஒரு அளவு பெரிது என்றால் உள்ளே கம்பளி உள்ளங்கால் அட்டை ஒன்றும் கொஞ்சம் தடித்த சாக்ஸும் போட்டுச் சமாளிக்கலாம், பாதத்துக்கு வெப்பமும் கூடும். இரண்டு அளவு பெரிது என்றால் சமாளிக்காதீர்கள். டிரைசூட் பழுது பார்க்கும் இடங்களில் பூட்ஸை வெட்டி எடுத்துவிட்டு வேறு அளவு ஒட்டித் தருவார்கள், அந்தச் செலவையும் சேர்த்துத்தான் பழைய சூட்டின் விலையை யோசிக்க வேண்டும்.

ஃபின்னையும் பூட்ஸ் போட்டபடியே பாருங்கள். வெட்சூட்டோடு போடும் மெல்லிய பூட்டிக்கு வாங்கிய ஃபின்னில் ராக் பூட்ஸ் பெரும்பாலும் பாதி வரைதான் நுழையும், பாதி நுழைந்த ஃபின் தண்ணீரில் முறுக்கிக்கொள்ளும். பூட்ஸின் குதிகாலில் இருக்கும் சின்ன மேடு ஃபின் வாரைத் தாங்குவதற்குத்தான், வார் அதற்கு மேலே உட்கார வேண்டும். எடையான ரப்பர் ஃபின்கள், 1960களிலிருந்து வரும் ஸ்கூபாப்ரோ ஜெட் ஃபின் மாதிரியானவை, தண்ணீரில் மூழ்கும். மிதக்கும் பிளாஸ்டிக் ஃபின்னை மாற்றி இப்படி ஒன்று போட்டாலே சிலருக்குக் கால் தொல்லை பாதி தீர்ந்துவிடும்.

எடை

ஈயத்தை ஒரு கிலோ கூடுதலாகக் கட்டினால், அதை ஈடுகட்ட ஒரு லிட்டர் காற்று கூடுதலாகச் சுமக்க வேண்டும். நாலு கிலோ கூடுதல் என்றால் நாலு லிட்டர் காற்று டைவ் முழுக்க உங்களோடு அலையும். அது சூட்டுக்குள் இருந்தால் எங்கே வேண்டுமானாலும் ஓடும். பூட்ஸ் எவ்வளவு நன்றாகப் பொருந்தினாலும் நாலு லிட்டர் காற்று காலுக்கு ஓடினால் தூக்கத்தான் செய்யும். ஆனால் புதிய டிரைசூட் டைவர்களுக்கு இறங்குவதில் சிரமம் இருப்பதால், இன்னும் இரண்டு கிலோ போடு என்று ஆளாளுக்குச் சொல்வார்கள். இறங்க முடியாததற்குப் பெரும்பாலும் காரணம் எடை குறைவு இல்லை, சூட்டிலிருந்து காற்று முழுக்க வெளியே போகாததுதான்.

எடையைச் சரிபார்க்க வேண்டியது டைவின் முடிவில். 12 லிட்டர் சிலிண்டரை 232 பாருக்கு நிரப்பினால் உள்ளே இருக்கும் காற்றின் எடையே 3.3 கிலோ போல வரும். 50 பார் மிச்சம் வைத்து வெளியே வரும்போது அதில் இரண்டரைக் கிலோவுக்கு மேல் குறைந்திருக்கும், அதாவது அந்த அளவுக்கு நீங்கள் மிதப்பீர்கள். அதனால் சிலிண்டர் 50 பாருக்கு வந்ததும், ஆழம் குறைந்த, கயிறோ மேடையோ பக்கத்தில் இருக்கும் இடத்தில் 3 முதல் 5 மீட்டருக்குள் நின்று, பிசிடியில் (மிதவையைக் கட்டுப்படுத்த மாட்டிக்கொள்ளும் காற்றுப்பை ஜாக்கெட்) இருக்கும் காற்றை முழுக்க விடுங்கள், டம்ப் வால்வை முழுக்கத் திறந்து சூட்டில் இருப்பதையும் விடுங்கள். சாதாரணமாக மூச்சு விட்டுக்கொண்டு அந்த ஆழத்திலேயே நிற்க முடிந்தால் எடை சரி. மூழ்கினால் ஒரு கிலோ கழற்றிக் கூட வருபவரிடம் கொடுத்துவிட்டுத் திரும்பப் பாருங்கள். மேலே போனால் ஒரு கிலோ சேருங்கள். உள்ளுடை மாறினால், நன்னீரிலிருந்து கடலுக்குப் போனால், சிலிண்டர் மாறினால் இதைத் திரும்பச் செய்ய வேண்டும்.

எடை எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். கால் மிதந்தால் மொத்த எடையைக் கூட்டாமல் இருப்பதையே கீழே நகர்த்துங்கள்: சிலிண்டரைப் பட்டையில் ஒரு சில சென்டிமீட்டர் கீழே இறக்கிக் கட்டினாலே வித்தியாசம் தெரியும். தோள் பக்கம் இருக்கும் ஈயத்தை இடுப்புக்குக் கொண்டுவரலாம்.

அப்புறம் ஒரு பழைய வாதம்: தண்ணீருக்கு அடியில் மிதவையைச் சூட்டில் வைப்பதா பிசிடியில் வைப்பதா. ஒரே இடத்தில் காற்று இருந்தால் கவனிப்பது சுலபம் என்று சூட்டை மட்டும் பயன்படுத்தச் சொல்லும் பயிற்சி முறைகள் உண்டு. சூட்டில் இறுக்கம் போகும் அளவுக்கு மட்டும், மீதி பிசிடியில் என்று சொல்பவர்களும் உண்டு. நான் இரண்டாவது பக்கம். பிசிடியில் இருக்கும் காற்று ஒரு பைக்குள் அடங்கியிருக்கும், காலுக்கு ஓடாது. எடை சரியாக இருந்தால் வித்தியாசம் ரொம்பக் குறைவு என்பதையும் சொல்ல வேண்டும்.

தண்ணீரில் இறங்கும் முன்

சூட்டைப் போட்டு ஜிப்பை மூடியதும் உள்ளே ஏகப்பட்ட காற்று இருக்கும். டம்ப் வால்வை முழுக்கத் திறந்து, குத்துக்கால் வைத்து உட்கார்ந்து, முழங்காலைக் கையால் நெஞ்சோடு அணைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் புகாமல் கழுத்தை ஒட்டிப் பிடிக்கும் பட்டையான சீலை ஒரு விரலால் லேசாக விலக்கினால் காற்று புஸ்ஸென்று வெளியே போகும். காற்று நின்றதும் விரலை எடுத்துவிட்டு, சீலைத் தட்டையாக நீவி விட்டு, அப்புறம் எழுந்திருங்கள். சீல் திறந்திருக்கும்போதே எழுந்தால் விட்ட காற்று திரும்ப உள்ளே வந்துவிடும். முதலில் கணுக்காலிலிருந்து தொடை நோக்கி இரண்டு கையாலும் துணியை நீவிக்கொண்டு வந்தால் பூட்ஸில் இருப்பதும் வெளியே வரும். ராக் பூட்ஸ் என்றால் லேஸைக் கட்டும் முன்னாலேயே இப்படி நீவிவிடுவது நல்லது.

இன்ஃப்ளேட்டரை ஒருமுறை அழுத்தி விடுங்கள், விட்டதும் நிற்கிறதா என்று கேளுங்கள். குழாயைக் கழற்றி மாட்டிப் பாருங்கள், கையுறை போட்ட பிறகும் அதைக் கழற்ற முடிய வேண்டும். டம்ப் வால்வைத் திருகி முழுத் திறப்பு எந்தப் பக்கம் என்று விரலுக்குப் பழக்குங்கள். பிசிடி வார் அந்த வால்வின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தால் காற்று வெளியே போகாது. வால்வின் உள்பக்கம் உள்ளுடையின் பஞ்சு ஒட்டியிருந்தால் எடுத்துவிடுங்கள், ஒரே ஒரு நூல் இழை உட்கார்ந்தாலும் கை நனையும்.

இறங்கும்போதும் அடியிலும்

கால் கீழே, தலை மேலே என்று இறங்குங்கள். இடது முழங்கையை உயர்த்தி வால்வை மேலே கொண்டுவந்தால் மிச்சக் காற்றும் போய்விடும். இறுக்கம் தெரிய ஆரம்பித்ததும் இன்ஃப்ளேட்டரை ஒரு நொடிக்கும் குறைவாகத் தட்டி விடுங்கள், தேவைப்பட்டால் இன்னொரு தட்டு. நீளமாக அழுத்திப் பிடித்தால் விரியும் காற்று வால்வைக் குளிரவைத்து, 4, 5 டிகிரித் தண்ணீரில் அது உறைந்து திறந்தபடியே நின்றுவிடக்கூடும். எவ்வளவு காற்று போதும் என்பதற்குச் சுலபமான அளவுகோல்: முழு மூச்சு இழுக்க முடிகிறதா, கை நீட்டி வால்வுகளைத் தொட முடிகிறதா, துணி மடிப்பு தோலைக் கிள்ளாமல் இருக்கிறதா. மூன்றும் சரி என்றால் நிறுத்துங்கள். லேசான இறுக்கம் இருக்கட்டும், அது நல்லதுதான்.

படுத்த நிலையில் முழங்காலை மடக்கி நீந்தும்போது பாதம்தான் உயரமான இடம், அங்கே கொஞ்சம் காற்று போகும். அது போகட்டும், பாதம் சூடாக இருக்கும். பூட்ஸ் உப்பி, குதிகால் தளர்வதுபோல் உணர்ந்தால் மட்டும் அளவு மிஞ்சிவிட்டது என்று அர்த்தம். உடனே காலைத் தாழ்த்தி, இடது தோளை உயர்த்தி, காற்றை மேல்பக்கம் வரவைத்து விடுங்கள். பாறைக்கு அடியில் எட்டிப் பார்க்கும்போதும், சரிவில் தலையைக் கீழே வைத்து இறங்கும்போதும்தான் பெரும்பாலும் இது நடக்கும். எட்டிப் பார்ப்பதற்கு முன்னாலேயே கொஞ்சம் காற்றை விட்டுவிட்டு, ஒரு சில நொடிகளில் திரும்ப மட்டத்துக்கு வந்துவிடுங்கள்.

மேலே வரும்போது

ஏற ஆரம்பிக்கும் முன்பே டம்ப் வால்வு முழுக்கத் திறந்திருக்கிறதா என்று திருகிப் பாருங்கள். பிசிடியில் இருக்கும் காற்றை முதலில் விட்டு, சூட்டில் இருப்பதை வால்வு தானாகவே விடும்படி வையுங்கள். இடது முழங்கையைத் தோளுக்கு மேலே தூக்கி, மணிக்கட்டைக் கீழே தொங்க விடுங்கள். பலர் கையை நேராக வானத்தைப் பார்த்து நீட்டுகிறார்கள், அப்போது மணிக்கட்டு வால்வைவிட உயரமாகிவிடும், காற்று அங்கே போய் நிற்கும், வால்வு வழியாக முழுக்க வராது. முழங்கை சரியான உயரத்துக்கு வந்ததும் தோளில் குமிழிகள் வரிசையாகப் போவது காதுக்குக் கேட்கும். கேட்கவில்லை என்றால் ஏறாதீர்கள். நிமிடத்துக்கு 9 மீட்டரைத் தாண்ட வேண்டாம், கடைசி 10 மீட்டரில் அதையும் பாதியாகக் குறைத்தால் காற்று விரிவதற்கும் வெளியேறுவதற்கும் நேரம் இருக்கும். ஏறும்போது உடம்பு தலைப் பக்கம் சற்றே உயர்ந்து இருக்கட்டும்.

கால் மேலே போய்விட்டால்

இதை முதல்முறையாகச் செய்து பார்க்க வேண்டிய இடம் நீச்சல்குளம், பயிற்றுநர் பக்கத்தில் இருக்கும்போது. அங்கே திரும்பத் திரும்பச் செய்து உடம்புக்குப் பழக்கினால்தான் ஏரியில் பதற்றத்தில் கை கால் தானாக வேலை செய்யும்.

1. இன்ஃப்ளேட்டரிலிருந்து கையை எடுங்கள். மூச்சை அடக்காதீர்கள், விட்டுக்கொண்டே இருங்கள்.
2. முழங்கால்களை நெஞ்சுக்கு இழுத்து உடம்பைப் பந்தாகச் சுருட்டுங்கள். நீட்டியிருக்கும் காலில்தான் காற்று மாட்டிக்கொள்கிறது, மடக்கினால் பூட்ஸிலிருந்து அது இடுப்புப் பக்கம் நகரும்.
3. சுருண்டபடியே முன்னாலோ பின்னாலோ உருளுங்கள், கைகளால் தண்ணீரைத் தள்ளியும் ஃபின்னை அடித்தும். தரை கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தால் அதைத் தள்ளியும் உருளலாம்.
4. தலை மேலே வந்ததும் காலைக் கீழே நீட்டி, இடது முழங்கையை உயர்த்தி, டம்ப் வால்வை அழுத்துங்கள். பிசிடியையும் காலி செய்யுங்கள்.
5. நின்றதும் ஃபின்னையும் குதிகாலையும் பாருங்கள். பாதம் பூட்ஸுக்குள் சரியாக உட்காரவில்லை என்றால் அந்த டைவ் முடிந்தது, கூட வருபவருக்குச் சைகை காட்டி நிதானமாக மேலே வாருங்கள்.

மூன்றாவது படி சீக்கிரம் நடக்க வேண்டும், ஒவ்வொரு மீட்டர் ஏற்றத்துக்கும் காற்று விரிந்துகொண்டே இருக்கும். உருள முடியாமல் மேலே போய்க்கொண்டே இருந்தால் கை கால்களை அகல விரித்துத் தண்ணீரின் தடையைக் கூட்டுங்கள், மூச்சை விட்டுக்கொண்டே இருங்கள். தலை மேலே இருந்தும் வால்வு வேலை செய்யவில்லை என்றால் கழுத்து சீலையோ, உயர்த்திய கையின் மணிக்கட்டு சீலையோ விலக்கிக் காற்றை விடலாம். குளிர்ந்த தண்ணீர் உள்ளே வரும், ஆனால் கட்டுப்பாடில்லாத ஏற்றத்துக்கு அது எவ்வளவோ மேல். இன்ஃப்ளேட்டர் திறந்தபடியே சிக்கிக்கொண்டால் முதல் வேலை குழாயைக் கழற்றுவது, காற்றை விடுவது அதற்கு அப்புறம். இந்த வரிசை மாறக் கூடாது.

கணுக்கால் எடையும் கெய்ட்டரும்

பூட்ஸ் பொருந்துகிறது, எடை சரி, சிலிண்டரைக் கீழே இறக்கியாயிற்று, ஃபின்னும் மாற்றியாயிற்று, அப்படியும் கால் மிதக்கிறது என்றால் முதலில் கெய்ட்டரைப் பாருங்கள். முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவில் சுற்றிக் கட்டும் அகலமான துணிப் பட்டை இது. தொளதொளத்த துணியைக் காலோடு சேர்த்துப் பிடிப்பதால் காற்று போய்த் தங்க இடமே இருக்காது, எடையும் இல்லை. கடைசியில்தான் கணுக்கால் எடை, ஒரு காலுக்கு அரைக் கிலோவில் தொடங்குங்கள், அந்த எடையை இடுப்பிலிருந்து கழித்துவிடுங்கள். ஒவ்வொரு அடிக்கும் அந்த எடையைக் கால் வீசிக்கொண்டே இருக்க வேண்டும், களைப்பு சீக்கிரம் வரும், மூச்சுக்காற்றும் கூடுதலாகச் செலவாகும். கால் தேவைக்கு மேல் தாழ்ந்தால் அடியில் இருக்கும் சேற்றைக் கிளப்பி, பின்னால் வருபவருக்கு ஒன்றும் தெரியாமல் செய்துவிடும்.

டைவ் முடிந்து சூட்டைக் கழற்றியதும் பூட்ஸுக்குள் கையை விட்டுப் பாருங்கள். சாக்ஸ் லேசாக, எல்லா இடத்திலும் ஒரே மாதிரி ஈரமாக இருந்தால் வியர்வை. ஒரு பக்கம் மட்டும் நனைந்திருந்தால் தையல் ஓரத்தில் ஒழுகுகிறது, சூட்டை உப்ப வைத்து அந்த இடத்தில் சோப்புத் தண்ணீர் தடவினால் குமிழி வரும். சூட்டை இடுப்பு வரை உள்வெளியாகத் திருப்பி, பூட்ஸின் வாய் திறந்திருக்கும்படி தொங்கவிட்டு, உள்ளே பழைய செய்தித்தாளைச் சுருட்டி வைத்தால் ஒரு ராத்திரியில் ஓரளவு காய்ந்துவிடும். ஈரத்தோடு மடித்து வைத்தால் அடுத்த டைவில் சாக்ஸ் தண்ணீரில் இறங்கும் முன்பே நனைந்திருக்கும், ஈரச் சாக்ஸில் எவ்வளவு நல்ல பூட்ஸானாலும் கால் குளிரும்.